குளிர்கால மலைப்பாதையில் சைக்கிள் சவாரி

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் ஒரு நெடுஞ்சுவரைப்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். நகரம் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி ஏறி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்து, போடிமெட்டை அடைகிறது. அதற்கப்பால் கேரள நாடு. சாலை அங்கிருந்து பூப்பாறைக்கு இறங்கி, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் அருகே மீண்டும் ஏறி, சின்னக்கானல் பகுதியைக் கடந்து, தேவிகுளம் வழியாக மூணாற்றைச் சேர்கிறது. தேயிலைத் தோட்டங்களும் ஏலக்காய்த் தோட்டங்களும் நிறைந்த இவ்வழியில் லாரிகளும் ஜீப்புகளும் செல்வதுடன், அண்மை ஆண்டுகளில் சைக்கிளில் ஏறிச் செல்வோரையும் காண முடிகிறது.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் இளைஞர் ஒருவர் விடியற்காலையில் போடியிலிருந்து சைக்கிளில் புறப்படுகிறார் எனக் கொள்வோம். வானம் தெளிவாக உள்ளது. பருத்திச் சட்டை ஒன்றே அணிந்திருக்கிறார். பாதி வழியில் வியர்வையால் சட்டை முற்றிலும் நனைந்துவிடுகிறது. குளிர்காலம் என்பதையே அவர் மறந்துவிடுகிறார். மேட்டை நெருங்குகையில் மூடுபனி சூழ்கிறது. மெல்லிய தூறலும் விழுகிறது. இரண்டு மணி நேர உழைப்பின் பயனாக மேட்டை அடைந்து, ஒரு குவளைத் தேநீர் அருந்திவிட்டு, “கஷ்டம் தீர்ந்தது, இனி இறக்கந்தானே!” என்று மகிழ்ந்து வண்டியைத் திருப்புகிறார். சில நிமிடங்களில் பற்கள் கிட்டுகின்றன, விரல்கள் மரத்துப்போகின்றன, பிரேக்கைப் பிடித்தாலும் பிடித்ததாகத் தோன்றவில்லை.

அவருடைய கஷ்டம் தீரவில்லை, அப்பொழுதுதான் தொடங்கியது. மலையில் குளிர் மனிதனைத் தாக்குவது ஏறும்பொழுது அன்று, இறங்கும்பொழுதுதான். ஏன் இவ்வாறு நேர்கிறது, இதனைத் தவிர்ப்பது எப்படி என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். குளிரை அஞ்சி நான்கு மாதங்கள் வீட்டினுள் முடங்கிக் கிடக்கவேண்டியதில்லை. குளிரின் இயல்பை அறிந்தவனுக்கு அது பகையன்று.

மேட்டின் வானிலை மாறுவதேன்?

தென்னிந்தியாவில் வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மாதத்தின் பின்பகுதியில் தொடங்கி டிசம்பர் இறுதிவரை நீடிக்கும். வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று தமிழ்நாட்டுச் சமவெளியைக் கடந்து மலையின் கிழக்குச் சரிவில் மோதி மேலெழும்புகிறது. மேலே செல்லச் செல்ல வாயுமண்டலத்தின் அழுத்தம் குறைவதால், எழும் காற்று விரிவடைகிறது, விரிவடைவதால் குளிர்கிறது. ஈரம் திரளாதவரை ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்திற்கும் அது ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி அடைகிறது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில், காற்றிலுள்ள நீராவி ஆவியாகவே இருக்க இயலாமல் நுண்ணிய நீர்த்துளிகளாக மாறுகிறது. அத்துளிகளின் கூட்டமே மேகம்.

இதனை எண்களால் விளக்கலாம். நகரத்தில் உஷ்ணநிலை 25 டிகிரியாகவும், காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70 ஆகவும் இருப்பின், மேலெழும் அக்காற்று ஏறத்தாழ 18 டிகிரிக்குக் குளிர்ந்தவுடன் துளிகள் உண்டாகும். நகரத்திற்குமேல் ஏறத்தாழ 700 முதல் 750 மீட்டர் உயரத்தில் இந்நிலை ஏற்படும். மேடோ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே கடைசி வளைவுகள் யாவும் மேகத்தினுள் அமைந்துவிடுகின்றன. கீழே நிற்பவருக்கு மலையுச்சியைத் தழுவும் அழகிய வெண்மேகமாகத் தோன்றுவதே, அவ்வழியில் செல்லும் சைக்கிள்காரருக்குக் கண்ணை மறைக்கும் மூடுபனியாகவும் சட்டையை நனைக்கும் தூறலாகவும் அமைகிறது. நகரத்து வானத்தை மட்டும் கண்டு மேட்டின் நிலையை மதிப்பிடலாகாது என்பதன் காரணம் இதுவே.

சின்னக்கானல் போன்ற ஊர்கள் மலைமுகட்டை ஒட்டியிருப்பதால், மேற்கிலிருந்து வரும் தென்மேற்குப் பருவமழை, கிழக்கிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டின் தொடர்பும் அவற்றிற்கு உண்டு. இவையன்றிப் புயற்சின்னங்களும் வருகின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், தமிழ்நாட்டின் குறுக்கே மேற்கு நோக்கி நகர்ந்து, மலைத்தொடரையும் தாண்டி அரபிக்கடலை அடைந்தது. கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறோம் என்ற காரணத்தால் மலைவாசிகள் புயல் எச்சரிக்கையைப் புறக்கணித்துவிட இயலாது என்பதற்கு அது தக்க உதாரணம்.

ஜனவரியில் நிலைமை வேறுவிதமாக மாறுகிறது. மழை ஓய்ந்து வானம் தெளிகிறது. மேகப் போர்வை இல்லாத இரவில் தரை தன் உஷ்ணத்தை வானவெளிக்குத் தடையின்றி வெளிவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனம் மிகுந்து, சரிவுகளின் வழியே வழிந்து பள்ளத்தாக்குகளில் தேங்குகிறது. எனவே அமைதியான விடியற்காலைகளில் மேட்டைவிடப் பள்ளமே குளிர் மிகுந்ததாக இருத்தலும் உண்டு. மூணாற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஜனவரி மாதத்தில் புல்லின்மீதும் தேயிலைத் தளிர்களின்மீதும் உறைபனி வெண்ணிறமாகப் படிவது இக்காரணத்தினால்தான். உஷ்ணமானி தலையளவு உயரத்தில் 3 அல்லது 4 டிகிரி காட்டும்பொழுதே புல்லின் மேற்பரப்பு பூஜ்ய டிகிரிக்குக் கீழே சென்றிருக்கக்கூடும். பாலங்களின் தளமும் நிழல் விழும் வளைவுகளும் மற்ற இடங்களைவிடக் காலதாமதமாகவே ஈரம் உலரும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஏறும்பொழுது உடல் ஓர் உலைக்களம்

சவாரி செய்பவரின் எடை 70 கிலோகிராம், வண்டியும் சுமையும் 15 கிலோகிராம் எனக் கொள்வோம். இந்த 85 கிலோகிராமை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்குச் செய்யவேண்டிய வேலை ஏறத்தாழ 833 கிலோ ஜூல். மனிதனின் தசைகள், உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் சுமார் நான்கில் ஒரு பங்கையே இவ்வாறான வேலையாக மாற்றவல்லவை. மற்ற முக்கால் பங்கும் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. ஆகவே இந்த ஏற்றத்திற்கு உடல் ஏறத்தாழ 3,300 கிலோ ஜூல், அதாவது சுமார் 800 கிலோ கலோரி சக்தியைச் செலவிட்டு, அதில் 2,500 கிலோ ஜூலை உஷ்ணமாக வெளியேற்றியாக வேண்டும். காற்றின் தடையையும் சக்கரத்தின் உராய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் இத்தொகை இன்னும் மிகும்.

இவ்வுஷ்ணம் எவ்வாறு வெளியேறுகிறது? ஒரு கிராம் வியர்வை ஆவியாக மாறும்பொழுது தோலிலிருந்து ஏறத்தாழ 2.4 கிலோ ஜூல் உஷ்ணத்தைக் கவர்ந்து செல்கிறது. மேற்கூறிய உஷ்ணம் முழுவதையும் வியர்வையே அகற்றுவதாயின் ஒரு லிட்டருக்குமேல் வியர்வை தேவைப்படும். குளிர்காற்றும் ஓரளவு உதவுவதால் அவ்வளவு தேவைப்படுவதில்லை. எனினும், ஏறுபவரின் வேகம் குறைவாகவும் காற்றின் ஈரம் மிகுதியாகவும் இருப்பதால், சுரந்த வியர்வை முழுவதும் ஆவியாகாமல் கணிசமான பகுதி துணியில் தங்கிவிடுகிறது. பருத்தித் துணி நீரை நன்கு உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. இவ்வண்ணம், மேட்டை அடையும் சைக்கிள்காரர் தாம் அறியாமலே நனைந்த துணியை உடலெங்கும் சுற்றிக்கொண்டு நிற்கிறார்.

இறங்கும்பொழுது நேர்வது

இறக்கத்தில் கால்களுக்கு வேலையில்லை, உலைக்களம் அணைந்துவிடுகிறது. ஓய்வாக இருக்கும் உடல் நொடிக்கு ஏறத்தாழ 100 ஜூல் உஷ்ணத்தையே உற்பத்தி செய்கிறது. அதே சமயத்தில் வண்டியின் வேகத்தால் எதிர்க்காற்று பலமாக வீசுகிறது. உடையில் 200 கிராம் ஈரம் தங்கியுள்ளது என்றும், அது அரை மணி நேர இறக்கத்தில் முழுவதும் ஆவியாகிறது என்றும் கொள்வோம். அதற்குத் தேவையான உஷ்ணம் 480 கிலோ ஜூல். நொடிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 267 ஜூல் ஆகிறது. இதில் ஒரு பகுதி காற்றிலிருந்து பெறப்பட்டாலும், பெரும்பகுதி உடலிலிருந்தே எடுக்கப்படும். வரவு 100, செலவு அதனினும் இரு மடங்கு என்னும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? உடலின் நிலையும் அதுவே.

ஈரம் இல்லாவிடினும் காற்று மட்டுமே உஷ்ணத்தை விரைந்து கவரும். இதனை அளவிட விஞ்ஞானிகள் ‘காற்றுக் குளிர்ச்சி எண்’ என்ற ஒன்றை வகுத்துள்ளனர். இப்பொழுது வழங்கும் முறை 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன்படி, உஷ்ணநிலை 10 டிகிரியாக உள்ள காற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் முகம், 6 டிகிரியில் நிற்பவரின் முகத்தைப்போல் உஷ்ணத்தை இழக்கிறது. காற்று 5 டிகிரியாக இருப்பின் அவ்வெண் பூஜ்யத்திற்கும் சற்றுக் கீழே சென்றுவிடுகிறது. இக்கணக்கு உலர்ந்த தோலுக்கே உரியது என்பதை மறத்தலாகாது. நனைந்த தோலின் நிலை இதனினும் மோசமானது.

உஷ்ணத்தைச் சேமிக்கும் பொருட்டு உடல் தன் தோலில் உள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. இருதயம், மூளை முதலிய உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கைகால்களுக்குச் செல்லும் ரத்தம் குறைக்கப்படுகிறது. விரலின் உஷ்ணநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் திறமை வெகுவாகக் குறைந்துவிடும். சட்டைப் பொத்தானைப் போடுவதே கடினமாகும்பொழுது, பிரேக்கை அளவறிந்து பிடிப்பது எங்ஙனம்? குளிரினால் நேரும் முதல் அபாயம் நோயன்று, விபத்தே என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு சிறு சோதனை

மேற்கூறியதை மாணவர்கள் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு உஷ்ணமானிகளை எடுத்துக்கொள்க. ஒன்றன் குமிழை உலர்ந்த பருத்தித் துணியாலும், மற்றொன்றின் குமிழை நனைத்த பருத்தித் துணியாலும் சுற்றுக. இரண்டையும் காற்றோட்டமில்லாத இடத்தில் சிறிது நேரம் வைத்து அளவுகளைக் குறித்துக்கொள்க. பின்னர் இரண்டையும் சுழலும் மின்விசிறியின் முன் வைத்து, ஒவ்வொரு நிமிடமும் அளவுகளைக் குறிக்க.

உலர்ந்த குமிழின் அளவு ஏறத்தாழ மாறாதிருக்க, நனைந்த குமிழின் அளவு இறங்கிச் சென்று ஓரிடத்தில் நிற்கும். விசிறி உஷ்ணநிலையைக் குறைக்கவில்லை, ஆவியாதலை விரைவுபடுத்தியது. அடுத்து, நனைந்த துணியின்மேல் செய்தித்தாளின் ஒரு துண்டை இறுகச் சுற்றி மீண்டும் விசிறியின் முன் வைத்தால், அளவு மெதுவாகவே இறங்குவதைக் காணலாம். இச்சிறு சோதனையிலேயே இறக்கத்திற்குரிய பாதுகாப்பு முழுவதும் அடங்கியுள்ளது: ஈரத்தை அகற்றுக, காற்றைத் தடுத்திடுக.

நனைந்த பாதையும் பிரேக்கும்

ஏறியபொழுது சேமித்த 833 கிலோ ஜூல் சக்தி, இறங்கும்பொழுது எங்கேனும் செலவாகியே தீரவேண்டும். அது 20 டிகிரியில் உள்ள இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றின் தடை ஏற்கிறது. மற்றதைப் பிரேக்கே உஷ்ணமாக மாற்றவேண்டும். சாதாரண சைக்கிளில் ரப்பர்க் கட்டைகள் சக்கரத்தின் ரிம்மை அழுத்துகின்றன. ரிம் நனைந்திருப்பின், முதலில் அக்கட்டைகள் நீரை வழித்தெடுக்கவேண்டும். அதன் பின்னரே பிடிப்பு உண்டாகும். ஆகவே வளைவிற்கு வெகுமுன்னரே பிரேக்கை இலேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்வது அறிவுடைமை. ஒரே பிரேக்கை இடைவிடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினால் ரிம் சூடேறி டயருக்குக் கேடு விளையும். இரண்டையும் விட்டுவிட்டுப் பிடித்தல் நன்று.

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். நூறு மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் சரிவில் ஒருவர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். தடையைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க அவருக்கு ஒரு நொடி ஆகிறது. உலர்ந்த பாதையில் நல்ல பிரேக் அவரை ஏறத்தாழ 18 மீட்டருக்குள் நிறுத்தும். நனைந்த பாதையில் பிரேக்கின் வலிமை பாதியாகக் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்கு ஏறத்தாழ 33 மீட்டர் தேவைப்படுகிறது. அவரே அதே நனைந்த பாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் 10 அல்லது 11 மீட்டரில் நின்றுவிடலாம். வேகத்தைப் பாதியாக்கினால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் கால் பங்காகிவிடுகிறது என்பதே இதன் காரணம். இவ்வளவு இலாபகரமான பேரம் வேறு எங்கே கிடைக்கும்!

மூடுபனியில் இக்கணக்கு உயிர்காக்கும் கணக்காகும். கண்ணுக்கெட்டும் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தால் அதனை மூடுபனி என்றும், 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர்ந்த மூடுபனி என்றும் வானிலை நூலார் கூறுவர். மலைமுகட்டு மேகத்தினுள் 20 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரங்களும் உண்டு. அப்பொழுது, கண்ணுக்குத் தெரியும் தூரத்திற்குள் நிறுத்த இயலாத வேகம் எதுவாயினும் அது தகாத வேகமே.

சின்னக்கானல் வட்டாரத்தில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆனையிறங்கல் என்னும் பெயரே கூறுவதுபோல், அது யானைகள் நடமாடும் நிலம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ‘அரிக்கொம்பன்’ என்று அழைக்கப்பட்ட யானையைச் சின்னக்கானலில் பிடித்து வேறு காட்டிற்கு அனுப்பிய செய்தி நாடெங்கும் பரவியது. ஓர் யானை அகன்றதால் அந்நிலம் யானைகளற்றதாகிவிடவில்லை. சைக்கிள் ஓசையின்றிச் செல்லும் வண்டி. யானையும் பருவுடல் படைத்ததாயினும் ஓசையின்றி நடக்கவல்ல விலங்கு. மூடுபனியில் இவ்விரண்டும் எதிர்பாராமல் சந்திப்பது விரும்பத்தக்கதன்று. ஆகவே விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் அவ்வழியில் செல்லாதிருத்தலும், வனத்துறையினர் விடுக்கும் அறிவிப்புகளுக்கும் தோட்டத்து மக்கள் கூறும் சொல்லுக்கும் செவிசாய்த்தலும் இன்றியமையாதவை.

மேட்டில் வாழ்வோரும் பள்ளத்தில் வாழ்வோரும்

போடியில் வாழ்பவர் முதலில் ஏறி, பின்னர் வியர்வையுடன் இறங்குகிறார். சின்னக்கானலில் வாழ்பவரின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர் குளிர்ந்த விடியலில், தசைகள் விறைத்திருக்கும் நிலையிலேயே இறக்கத்தைத் தொடங்குகிறார். களைப்புற்ற பின்னர் ஏறி வீடு திரும்புகிறார். ஆகவே முன்னவருக்கு மாற்றுச் சட்டை முக்கியம். பின்னவருக்குப் புறப்படுமுன் உடலைச் சூடேற்றிக்கொள்வது முக்கியம். பத்து நிமிடம் விரைந்து நடந்தோ, வண்டியைத் தள்ளிக்கொண்டு சிறு மேடு ஏறியோ, பிறகு இறங்கத் தொடங்கலாம். வெயில் ஏறிப் பாதையின் ஈரம் உலரும்வரை காத்திருப்பது இன்னும் சிறந்தது.

சமவெளியிலும் இவ்விதி வேறு உருவில் அமைகிறது. ஆனைமலைக்கு வடக்கே, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மலைத்தொடர் விட்டுப்போன இடமே பாலக்காட்டுக் கணவாய். குளிர்கால மாதங்களில் கிழக்குக் காற்று இவ்வாயிலின் வழியே வலுவாக வீசுகிறது. அங்கே ஏற்றத்தின் இடத்தை எதிர்க்காற்று பெறுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றிலும் அதே வேகத்தைக் காக்க விரும்பினால், ஐந்து மடங்கிற்கும் மேலான காற்றுத் தடையை எதிர்க்கவேண்டும். எனவே புறப்படும்பொழுது காற்றை எதிர்த்துச் சென்று, களைத்துத் திரும்பும்பொழுது காற்றின் துணையுடன் வருமாறு வழியை வகுத்துக்கொள்ளல் வேண்டும். ஊக்கம் உள்ளபொழுது கடினமானதை முடித்துக்கொள்வதே அங்குள்ள விதி.

உடையும் உணவும்

விலையுயர்ந்த உடைகள் இன்றியமையாதவை அல்ல. முறை அறிந்தால் வீட்டிலுள்ள பொருள்களே போதும்.

ஏறும்பொழுது மெல்லிய உடை போதும். வியர்வை பெருகுமாயின் வேகத்தைக் குறைக்கவேண்டும். மேட்டை அடைந்தவுடன், உடல் குளிர்வதற்கு முன்னரே, நனைந்த சட்டையைக் களைந்து உடலைத் துவட்டி, பையில் காப்பாக வைத்திருந்த உலர்ந்த சட்டையை அணிந்துகொள்க. அச்சட்டையும் நனையாதிருக்கப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருத்தல் அவசியம். அதன்மேல் கம்பளிச் சட்டை. கம்பளி ஓரளவு நனைந்தாலும் தன் இழைகளுக்கிடையே காற்றைத் தேக்கி வைப்பதால் உஷ்ணத்தைக் காக்கவல்லது. அதற்கும்மேல் காற்றைத் தடுக்கும் மேலுறை. மேலுறை இல்லாதவர் செய்தித்தாளை மடித்து மார்பிற்கும் சட்டைக்கும் இடையே செருகிக்கொள்ளலாம். ஐரோப்பிய மலைப்பாதைகளில் பந்தயம் ஓட்டியவர்கள் நெடுங்காலம் கையாண்ட முறை இது. கையுறையும், காதை மூடும் துணியும், அதன்மேல் தலைக்கவசமும் அவசியம். முன்னும் பின்னும் விளக்குகளும், வெளிர்நிற மேலாடையும் மூடுபனியில் பிறர் நம்மைக் காண உதவும்.

குளிரில் தாகம் குறைவாகத் தோன்றும். ஆனால் நீர் இழப்பு நிற்பதில்லை. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் சிறுநீரும் அதிகரிக்கிறது. ஆதலால் தாகம் எடுக்காவிடினும் இடையிடையே சிறிதளவு நீர் அருந்துதல் வேண்டும். தசைகளுக்கு உடனடியாகச் சக்தி தரும் வாழைப்பழம், வெல்லம், கடலைமிட்டாய் போன்றவற்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பசித்த உடல் குளிரை எதிர்க்க நடுங்குவதற்கும் சக்தியற்றது.

குளிர் தாக்கியதற்கு அறிகுறிகள்

உடலின் உள்உஷ்ணம் ஏறத்தாழ 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம். அந்நிலை உறைபனியில்தான் ஏற்படும் என்று எண்ணுவது தவறு. நனைந்த உடையும் காற்றும் களைப்பும் ஒன்றுசேர்ந்தால் 10 டிகிரியிலும் அது நேரக்கூடும். அடக்க இயலாத நடுக்கம், பேச்சில் குழறல், கைத்தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், காரணமற்ற எரிச்சல் அல்லது மந்தம் ஆகியவை அதன் அறிகுறிகள். பாதிக்கப்பட்டவர், “எனக்கு ஒன்றுமில்லை” என்றே கூறுவார். அச்சொல்லை நம்பலாகாது. நடுக்கம் நின்றபின்னும் மயக்கம் மிகுமாயின், அது குணத்தின் அறிகுறி அன்று. நிலை முற்றியதன் அறிகுறி.

அத்தகையவரை உடனே காற்றுப்படாத இடத்திற்குக் கொண்டுசென்று, நனைந்த உடையை அகற்றி, உலர்ந்த கம்பளியால் போர்த்தவேண்டும். தன்னினைவுடன் விழுங்க இயலுமாயின் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கைகால்களைக் கடுமையாகத் தேய்ப்பதும், நெருப்பின் மிக அருகே கிடத்துவதும் கூடா. தாமதியாமல் வைத்தியரிடம் சேர்க்கவேண்டும்.

குளிருக்கு மது நல்லது என்ற நம்பிக்கை மலைநாட்டில் பலரிடம் உண்டு. மது தோலின் ரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனால் சூடேறியதுபோன்ற உணர்ச்சி உண்டாகிறது. உண்மையில் உள்ளுறுப்புகளின் உஷ்ணமே தோலின் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. மது தருவது உஷ்ணம் அன்று, உஷ்ணம் என்னும் மயக்கமே.

இருதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் குளிரில் கடும் ஏற்றத்தை மேற்கொள்வதற்கு முன் வைத்தியரைக் கலந்துகொள்ளல் வேண்டும். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் உயர்கிறது. இருதயத்தின் சுமையும் பெருகுகிறது. ஆஸ்துமா உள்ளோர் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், உள்ளே செல்லும் காற்று ஓரளவு வெதுவெதுப்பும் ஈரமும் பெறும்.

வெளியே செல்ல இயலாத நாட்கள்

தேயிலை பறிக்கும் தாய்மார்களுக்குத் தனியான தேகாப்பியாசம் தேவையில்லை. நாள் முழுவதும் சரிவில் ஏறி இறங்கும் அவர்களுக்கு வேண்டியது உலர்ந்த உடையும், ஓய்வும், நல்ல உணவுமே. ஆனால் கடையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் அமர்ந்து பணிபுரிவோர், வாகனம் ஓட்டுவோர் ஆகியோரின் உடல் குளிர்கால மாதங்களில் எளிதில் சோம்பலுறுகிறது. வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியுள்ளது. நாளொன்றுக்கு அரை மணி நேரமாக, வாரத்தில் ஐந்து நாட்கள் என்றால் கணக்கு நிறைவுறும்.

மழையும் பனியும் சைக்கிளைத் தடுக்கும் நாளில் வீட்டு வாயிற்படியே மலையாகலாம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியில் நிமிடத்திற்கு இருபது முறை வீதம் அரை மணி நேரம் ஏறி இறங்கினால், மொத்தம் 90 மீட்டர் உயரம் ஏறியதாகும். ஒரு சிறு குன்றின்மேல் ஏறி வந்ததற்கு இது ஒப்பாகும். இவ்வாறு செய்பவர் வானம் தெளிந்த நாளில் மீண்டும் வண்டியை எடுக்கும்பொழுது தம் தசைகள் வலிமை குன்றாதிருப்பதைக் காண்பார். ஒரு நாள் சவாரியைக் கைவிடுவது தோல்வி அன்று. ஐயம் தரும் வானத்தின்கீழ் மேட்டை நோக்கிப் புறப்படுவதே தவறு.

புறப்படுமுன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுதல் நலம். 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அத்துறை, இப்பொழுது மாவட்டந்தோறும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களால் எச்சரிக்கை விடுக்கிறது. நம் வழியில் தேனி மாவட்டம், இடுக்கி மாவட்டம் என இரண்டு மாவட்டங்கள் அமைந்துள்ளன. ஆகவே இரண்டின் அறிவிப்புகளையும் பார்க்கவேண்டும். அத்துடன், மேட்டிலுள்ள ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, “அங்கே மூடுபனி உண்டா?” என்று கேட்டறிவதைவிட நல்ல கருவி வேறில்லை.

முடிவுரை

நாம் தொடங்கிய இளைஞரிடம் திரும்புவோம். அவர் பையில் உலர்ந்த சட்டை ஒன்றும், பழைய செய்தித்தாள் ஒன்றும், கையுறையும் இருந்திருப்பின், மேட்டில் ஐந்து நிமிடம் செலவிட்டு உடை மாற்றியிருப்பின், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திற்கு மிகாமல் இறங்கியிருப்பின், அவருடைய பிரயாணம் இன்பமாகவே முடிந்திருக்கும். இவற்றின் எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. ஏற்றத்திற்கு வேண்டிய வலிமை நம் கால்களில் உள்ளது. இறக்கத்திற்கு வேண்டிய பாதுகாப்பை நாமே சுமந்து செல்லவேண்டும். மலைப்பாதையில் குளிர்காலச் சவாரி மேட்டில் முடிவதில்லை. வீட்டு வாயிலிலேயே முடிகிறது.

பயிற்சி வினாக்கள்

1. நகரத்தில் வானம் வெளுத்திருக்கும்பொழுது மேட்டில் மூடுபனி உண்டாவது எங்ஙனம்?

2. உங்கள் எடையையும் வண்டியின் எடையையும் கொண்டு, 500 மீட்டர் உயரம் ஏறுவதற்கு ஆகும் வேலையைக் கணக்கிடுக. அதில் உடலிலிருந்து வெளிப்படும் உஷ்ணம் எவ்வளவு?

3. தெளிந்த வானமுள்ள அமைதியான இரவில் பள்ளத்தாக்கு மேட்டைவிடக் குளிர்வதேன்?

4. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குக் குறைத்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் எந்த அளவிற்குக் குறையும்?

5. மது அருந்தியவருக்குக் குளிர் குறைந்ததுபோல் தோன்றுவதும், உண்மையில் அபாயம் மிகுவதும் ஏன்?